சைவமா என்று கேட்டேன்

தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்தது நான்தான். அந்தப் பெண் திறக்கவில்லை.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த நேரம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டு மாடிக்கு ஏறினேன். மாடி அறையில் சங்கவி என்ற கல்லூரிப் பெண் குடியிருந்தாள். அப்போதுதான் ஊரிலிருந்து வந்து, பையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. படிக்கட்டு வரைக்கும் வாசனை வந்தது. புளியும் பூண்டும், அவற்றின் அடியில் வேறொன்றும்.

உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. நேராக மேசைக்குப் போய் மூடியைத் தூக்கினேன்.

"இது என்ன?"

"விரால் சார்."

பயமில்லாமல் சொன்னாள். மேசையில் கிடக்கும் புத்தகத்தைக் காட்டிக் கேட்டால் பேர் சொல்வார்களே, அப்படி.

"சைவம்னு சொல்லித்தானே இந்த வீட்டுக்கு வந்தீங்க?"

"ஆமா சார்."

"அப்போ இது?"

"எங்க ஊர் ஏரி மீன் சார். அம்மா செஞ்சு குடுத்தாங்க."

"நீ சைவமா, இல்லையா?"

"சைவந்தான் சார்."

என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். ஆயுசில் பாதியைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக் கழித்தவன் நான். வகுப்பில் இதைவிட நல்ல கிண்டல்களையெல்லாம் பார்த்தவன். ஆனாலும் அன்று காது மடல் சூடாகிவிட்டது.

இந்தத் தொடரில் இதுவரை என் இளமைக் காலத்தையே எழுதிவந்தேன். அந்த வயதின் தவறுகளை எழுதுவது சுகமானது. "அப்போது எனக்கு விவரம் போதாது" என்று ஒரு வரி சேர்த்தால் வாசகர்கள் மன்னித்துவிடுகிறார்கள். இந்த வாரம் எழுதுவது போன வருடம் நடந்தது. அந்த வரி இதற்குப் பொருந்தாது.

எந்தப் பக்கம் நல்லது?

சங்கவிக்குச் சொந்த ஊர் மாகறல். அப்பா ஏகாம்பரம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். காஞ்சிபுரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருக்கும் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு எம்.எஸ்சி. வேதியியல் கிடைத்திருந்தது. விடுதியில் இடம் இல்லை என்றுவிட்டார்கள். லேப் முடிந்து வெளியே வரும்போது மாகறலுக்கு பஸ் இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு.

ஆனி மாதக் கடைசியில் அப்பாவும் பெண்ணும் காலையிலிருந்து பைக்கில் ஊரையே சுற்றிவிட்டு, எங்கள் வாசலில் தொங்கிய டு லெட் போர்டைப் பார்த்து இறங்கினார்கள். எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். ஏகாம்பரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையில் விபூதி கலைந்திருந்தது.

"நீங்க காலேஜுல வாத்தியாரா இருந்தவருன்னு வெளிய சொன்னாங்க சார். எந்தப் பக்கம் பொண்ண வுடலாம்னு நீங்களே சொல்லுங்க. நல்ல தெருவா, நல்ல வூடா அமைஞ்சா படிக்கட்டும். இல்லாட்டி வேணாம். ஒரு எடத்துல கேட்டுக்கினு இருக்காங்க, கட்டிக் குடுத்துடலாம்னு இவங்க அம்மா சொல்லுது."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து வரப்போவதில்தான் அவள் படிப்பே இருக்கிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. பணி ஓய்வு பெற்றவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டால் விடுவோமா?

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோக்காரர்கள் கூச்சல், பட்டுக்கடை வாசலில் ஆள் பிடிக்கிறவர்கள் தொந்தரவு, அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது என்றேன். பல்கலைக்கழக வாசலையொட்டி வரிசையாக முளைத்திருக்கும் ஒற்றை அறைக் கட்டடங்களில் கம்பெனி ஷிப்டுக்குப் போகிற பையன்கள், ஆகவே வேண்டாம் என்றேன். பிறகு அந்தப் பெண் வாய் திறந்தாள்.

"மசூதிக்குப் பின்னாடி ஒரு டீச்சர் வீடு இருக்கு சார். மாடில எங்க காலேஜ் பொண்ணுங்க ரெண்டு பேர் ஷேரிங்ல இருக்காங்க. அந்த ஏரியா எப்படி?"

"அந்தப் பக்கம் வேண்டாம்மா."

"ஏன் சார்?"

நான் பதில் சொல்வதற்குள் ஏகாம்பரம் அவளை அடக்கினார். "சார் சொல்றாரு இல்ல?"

நல்லவேளை என்று அப்போது நினைத்தேன். என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் மிஞ்சியது எங்கள் தெரு, எங்கள் வீடு, எங்கள் மாடி. ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. போர்டிலேயே 'சைவம் மட்டும்' என்று அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருந்தேன். ஆனாலும் வாயாலும் கேட்டுவிடுவது என் வழக்கம்.

"நீங்க சைவந்தானே?"

ஏகாம்பரம் நாற்காலியில் நிமிர்ந்தார். "பரம்பரை சைவங்க."

அவ்வளவுதான். என் மனைவி ரங்கநாயகி காபி கொண்டுவந்தாள்.

திருவல்லிக்கேணியில் வஞ்சிரம்

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் சென்னையில் எம்.ஏ. படித்தபோது எனக்கும் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் தங்குவது என்று யாரையும் கேட்கவும் இல்லை. வாடகை குறைவு என்று திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் புகுந்தேன். என்னோடு அதே அறையில் இருந்தவன் நாகப்பட்டினத்துப் பையன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வஞ்சிரம் வறுப்பான். என் சட்டைக்கு, தலையணைக்கு, வகுப்புக் குறிப்புகளுக்கெல்லாம் அந்த வாசனை உண்டு. எங்கள் வீட்டில் ஏகாதசியன்று வெங்காயம்கூடத் தொடமாட்டார்கள். அப்படி வளர்ந்தவன் அந்த அறையில்தான் படித்தேன், நன்றாகவே தேறினேன். ஒரு நாளும் மூக்கைப் பொத்தவில்லை.

என்ன வித்தியாசம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அங்கே வீடு என்னுடையது இல்லை.

தொலைபேசியில்

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னிடம் அந்தப் பெண், "சார், ஒரு நிமிஷம் நான் சொல்றத..." என்றாள். நான் கேட்கவில்லை. பொய் சொல்லி வீடு பிடித்திருக்கிறீர்கள் என்றேன். குடும்பமே சேர்ந்து ஏமாற்றியது என்றேன். பிறகு அவள் கெஞ்சியது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்.

"நான் காலி பண்ணிடறேன் சார். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. வேற எடம் நானே பாத்துட்டு அப்புறம் சொல்லிக்கறேன். இப்ப தெரிஞ்சா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. செம் எக்ஸாம் வருது சார்."

கீழே இறங்கி வந்து, ஈரக் காலைக்கூடத் துடைக்காமல், ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன்.

அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அந்தப் பக்கம் மாட்டின் கழுத்துமணி கேட்டது.

"சார், நீங்க அன்னைக்குக் கேட்டது சாப்பாட்டையா?"

"வேறு எதைக் கேட்பேன்?"

"நான் சாமி சமாச்சாரம்னு நெனச்சிக்கினேன் சார். பெருமாள் கோயில் தெரு. நீங்க நெத்தியில நாமம் போட்டுக்கினு ஒக்காந்திருக்கீங்க. என் நெத்தியப் பாத்துக்கினே 'நீங்க சைவந்தானே'ன்றீங்க. எங்க ஊர்ல இருக்குறதே சிவன் கோயிலு. எங்க அப்பாரு தீட்சை வாங்குனவரு. சைவம்னேன். சிவன் கோயில்காரங்கன்னு தெரிஞ்சும் வூடு குடுக்கறீங்களே, பெரிய மனசுன்னு வழியெல்லாம் பொண்ணுகிட்ட சொல்லிக்கினு வந்தேன் சார்."

பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஊரில் பாதி சிவனுக்கும் பாதி பெருமாளுக்கும் என்று பிரிந்து கிடக்கிற காஞ்சிபுரத்தில் பிறந்தவன் நான். 'சைவம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். என் நண்பர் ஒருவர் அந்த போர்டைப் பார்த்துவிட்டு, "பெருமாள் கோயில் பக்கத்துல 'சைவம் மட்டும்'னு மாட்டியிருக்கியே, நாளைக்குப் பெருமாளே வாடகைக்கு வந்தா கேட்டைச் சாத்திடுவியா?" என்று கேட்டதுண்டு. நானும் அவரோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். சிரித்தவனுக்குப் புரியவில்லை.

இதுவரை நடந்ததைப் பிழை என்று சொல்லலாம். யாருக்கும் வரக்கூடியது. போனில் ஏகாம்பரம் காத்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னுடையதுதான், பொண்ணு இருக்கட்டும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது என் நாக்கு நுனிவரை வந்தது.

"எதுவா இருந்தாலும் சரி. காலி பண்ணிடுங்க" என்றேன்.

அது பிழை இல்லை. தெரிந்தே சொன்னேன். பொய்யர் என்று கத்திவிட்டோமே, இனி எப்படி இறங்குவது என்ற ஒன்றைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

ரோஜாச் செடி

மறுநாள் காலை ஏகாம்பரம் ஒரு சின்ன லோடு வண்டியோடு வந்தார். "வரேன் சார்" என்றார், எப்போதும் போல. சங்கவி டிரைவர் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் தூக்குச் சட்டி இருந்தது, கழுவிக் கவிழ்த்து.

வண்டி தெருமுனை திரும்பியதும் என் மனைவி பேசினாள். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவாள்.

"ஏமண்டி, எனக்கு ஆடி மாசமே தெரியும்."

"எது?"

"அவ முட்டை சாப்பிடறது. குப்பைக்கூடையில ஓடு பாத்தேன். வீணாக்காதேம்மா, ரோஜாவுக்குப் போடணும், எடுத்து வைன்னு நாந்தான் சொன்னேன். தினம் பறிச்சிப் பெருமாளுக்கு வெக்கறீங்களே, அது எதைத் தின்னு பூக்குதுன்னு நெனச்சீங்க?"

நான் திரும்பி ரோஜாச் செடியைப் பார்த்தேன்.

"புரட்டாசி முழுக்க அவ முட்டையத் தொடல, தெரியுமா? பெருமாள் மாசம், உங்க வீட்ல இருக்கறேன், வேணாம் ஆன்ட்டின்னா. மாசம் முடிஞ்சி மொத ஞாயித்துக்கிழமை அவங்கம்மா ஆசையா மீன் குடுத்தனுப்பிச்சிருக்கா. அதைப் போய்த் தொறந்து பாத்தீங்களே. அடுத்தவங்க சோத்துச் சட்டிய யாராவது தொறப்பாங்களா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஆடியிலயே துரத்தியிருப்பீங்க."

பிறகு பல நாள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான். சங்கவி வகுப்புக்கு வருவதே இல்லை என்று அவளோடு படிக்கும் ஒரு பெண்ணிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டவளும் ரங்கநாயகிதான். "போயிட்டு வாங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

தெரியாமலேயேவா?

மாகறலில் என்னை வாங்க என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டார்கள். மோர் வந்தது. நான் எதிர்பார்த்துப் போனது கோபத்தை. இந்த மரியாதையை வாங்கிக்கொள்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சங்கவி அதைக் காலால் துழாவிக்கொண்டே நடந்தாள். என்னைப் பார்த்தும் நிற்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். மாடி அறை அப்படியே இருக்கிறது, பெண்ணை அனுப்புங்கள், என்ன வேண்டுமானாலும் சமைக்கட்டும் என்றேன்.

"உங்க வீடு வேணாம் சார்." நெல்லிலிருந்தே சொன்னாள். "அந்த டீச்சர் வீட்டுல ஒரு எடம் காலியா இருக்கு. நான் போன்ல பேசிட்டேன். அப்பாதான் வேணாங்கறாரு."

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தப் பக்கம் வேணாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நல்ல எடம்னு நீங்க சொன்ன எடமே இப்படி ஆயிப்போச்சி. வேணாம்னு நீங்களே சொன்ன எடத்துல எந்த நம்பிக்கையில வுடறது? உத்திரமேரூர்லேர்ந்து தை மாசம் பொண்ணு பாக்க வரேன்னிருக்காங்க."

அன்று ஹாலில் காபி வருவதற்குள் நான் சொல்லி முடித்த ஒரு வாக்கியம், இந்த வீட்டில் இன்னும் அப்படியே இருந்தது. என் மேல் மரியாதை போன பிறகும் அந்த வாக்கியத்தின் மேல் மரியாதை போகவில்லை.

"அங்க இன்னா சார் கொறை?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது."

"இன்னா சார்?"

"ஒரு குறையும் எனக்குத் தெரியாது. நான் அந்தத் தெருவுக்குள்ள போனதே இல்லை. பொறந்ததுலேர்ந்து இதே ஊர்தான். ஆனா போனதில்ல."

அதுவரை சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த சங்கவியின் அம்மா அப்போது கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"தெரியாமலேயேவா சொன்னீங்க?"

என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படி அறைந்ததில்லை.

ஏகாம்பரம் ஒரு முடிவுக்கு வந்தார். "அப்ப நீங்களும் கூட வாங்க. ரெண்டு பேருமா பாப்போம். பாத்துட்டுச் சொல்லுங்க."

டீச்சர் வீடு

மசூதிக்குப் பின்னால் இருந்தது ஒரு சாதாரணத் தெரு. கோலம் போட்ட வாசல்களும் போடாத வாசல்களும் மாறி மாறி வந்தன. எங்கிருந்தோ தறிச் சத்தம் கேட்டது. கொடியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்தன. பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்தது. இதையா?

வீட்டுக்கார அம்மா ஷகிலா, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தார். ஏகாம்பரத்திடம் ஊர், தொழில் எல்லாம் விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவங்க?"

"முன்ன இவரு வூட்லதாங்க பொண்ணு இருந்துது" என்றார் ஏகாம்பரம்.

"அப்படியா? நல்லதாப் போச்சி. சார், நான் யாரையும் விசாரிக்காம வெக்கறதில்ல. உங்க வீட்டை இந்தப் பொண்ணு ஏன் விட்டுச்சி?"

சங்கவி சட்டென்று என்னைப் பார்த்தாள். கண்ணால் எதையோ தடுத்தாள். என்னவென்று எனக்குப் புரியவில்லை. புரிகிறவரை பொறுக்கவும் இல்லை. இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம்.

"அவங்க விடலைம்மா. நான்தான் அனுப்பினேன். மீன் குழம்பு வெச்சிருந்ததுக்காக. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

டீச்சர் என்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"தண்ணி கஷ்டம்னு காலி பண்ணோம்னு தானேம்மா போன்ல சொன்னே?"

பொய் சொல்லாதவளைப் பொய்க்காரி என்று வீட்டைவிட்டு அனுப்பினேன். இப்போது உண்மையைச் சொல்லி, அவளை மெய்யாகவே பொய்க்காரி ஆக்கிவிட்டேன். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே இடத்தில்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

சங்கவி தரையைப் பார்த்தாள். "வயசானவர் மேடம். ஊர்ல அவருக்கு நல்ல பேரு. நான் போய் எதுக்கு..."

"பொய் சொல்ற பொண்ணை நான் எப்படி வெச்சிக்கறது?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். வேண்டியதற்கு அதிகமாகவே சொல்லியாகிவிட்டது.

டீச்சர் எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். தை மாதமும் உத்திரமேரூர்க்காரர்களும் கண்முன் வந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் சாவி இருந்தது. அதை நேராகச் சங்கவியின் கையில் வைத்தார்.

"இனிமே யாருக்காகவும் சொல்லாதே. எனக்காகவும் சொல்லாதே. மீனு, கோழி, எதா இருந்தாலும் கீழ குழாயடியில சுத்தம் பண்ணு, மேல சிங்க்ல போடாதே, அடைச்சிக்கும். போ, போய்ப் பாரு."

அவள் படியேறி ஓடிய சத்தம் கேட்டது. மேலே ஜன்னல் ஒன்று திறந்தது. வேறு பெண்களின் சிரிப்பும் கேட்டது.

ஏகாம்பரம் வெளியே போய், எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்டோவில் கொண்டுவந்திருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினார். புத்தகங்களின் கனம். நான் போய் மறுபக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தேன்.

"வேணாம் சார், வுடுங்க" என்றார். என் விரல்களைக் கைப்பிடியிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, தனியாகவே படி ஏறினார்.